காற்றுக்கும் கணக்கு வேண்டும் – புளோயர் அடுப்புப் பராமரிப்பு



நமது உறுப்பினர்களில் கடை மட்டும் நடத்துபவர்கள் ஒரு பகுதி. கடைக்குப் பின்னாலோ ஊருக்கு வெளியிலோ ஒரு பட்டறையும் சேர்த்து நடத்துபவர்கள் இன்னொரு பகுதி. சேவு, மிக்சர், முறுக்கு போடுகிறவர்கள், கடலை வறுக்கிறவர்கள், மிட்டாய்ப் பாகு காய்ச்சுகிறவர்கள், ஓட்டல்காரர்கள் எனப் பலர் இன்னும் விறகு அடுப்பைத்தான் நம்பியிருக்கிறோம். கேஸ் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், பெரிய சட்டிக்கு விறகுதான் கட்டுபடியாகிறது என்பது நம்மில் பலருடைய கணக்கு.

அந்த அடுப்புக்கு நாம் இரண்டு சரக்குப் போடுகிறோம். ஒன்று விறகு, மற்றொன்று காற்று. விறகுக்குக் காசு கொடுப்பதால் அதை நிறுத்து வாங்குகிறோம். காற்று சும்மா வருவதால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் விறகுச் செலவு கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் காற்றைப் பொறுத்துத்தான் இருக்கிறது. நான் படித்தது பழைய எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். கார வகைகளை மொத்தமாகப் போட்டு வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் வியாபாரம் செய்பவன். இந்தப் பாடத்தை நஷ்டப்பட்டும், ஒருமுறை தலைகுனிந்தும்தான் கற்றுக்கொண்டேன்.

விறகுக்காரர் மேல் போட்ட பழி

2006-ஆம் ஆண்டு. எங்கள் பட்டறையில் ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ கடலைமாவைச் சேவாகப் போட்டு எடுக்க ஏறக்குறைய 40 கிலோ சீமைக்கருவேல விறகு ஆகும். அது சில மாதங்களில் 45 ஆகி, 50 ஆகி, கடைசியில் 55 கிலோவில் வந்து நின்றது. எனக்கு விறகு போட்டவர் பதினோரு வருடப் பழக்கம். ஒரு நாள் லோடு இறக்கும்போது, ஆட்கள் நாலு பேர் நிற்கையிலேயே, "ஈர விறகைப் போட்டு எடையைக் கூட்டுகிறீர்கள்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, நடுக்கட்டையைப் பிளந்து பாருங்க. ஈரமிருந்தா காசே வேண்டாம்" என்றார். நான் பிளந்து பார்க்கவில்லை. வேறு ஒருவரிடம் விறகு வாங்க ஆரம்பித்தேன். அவருடைய விறகிலும் அதே 55 கிலோதான் ஆயிற்று.

இரண்டு மாதம் கழித்து புளோயரில் ஓயாத அதிர்வுச் சத்தம் வந்தது. மோட்டார் மெக்கானிக்கை அழைத்து வந்து கழற்றினோம். விசிறிச் சக்கரத்தின் இறக்கைகளில் கடலைமாவுத் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, கரி மூன்றும் சேர்ந்து விரல் கனத்துக்கு அடை அடையாக ஒட்டியிருந்தது. பெல்ட்டும் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. அந்த மெக்கானிக், "அடுப்பு மூச்சு விட முடியாமக் கிடக்கு. நீங்க விறகைக் குறை சொல்றீங்க அண்ணாச்சி" என்றார். சுரண்டிக் கழுவி, பெல்ட் மாற்றி ஓட்டியபோது மறுநாளே விறகு 42 கிலோவுக்கு இறங்கியது.

பழைய விறகுக்காரரிடம் போய்த் தவறை ஒப்புக்கொண்டேன். "சரி, விடுங்க" என்று சொல்லி மறுநாளே லோடு அனுப்பினார். ஆனால் அதற்கு முன் வாய்ச்சொல்லில் நடந்த வியாபாரம், அன்றிலிருந்து எடைமேடைச் சீட்டு இல்லாமல் நடந்ததில்லை. அந்தச் சீட்டைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும்.

ஒரு கிலோ விறகுக்கு ஏழு கிலோ காற்று

நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகு முழுமையாக எரிய, சுமார் ஐந்து கிலோ காற்றாவது வேண்டும். காற்று விறகின் எல்லா இடத்துக்கும் சரியாகப் போய்ச் சேராது என்பதால், நடைமுறையில் ஏழு கிலோ வரை தேவைப்படும். ஒரு நாளைக்கு 100 கிலோ விறகு எரிப்பவர் அந்த அடுப்பு வழியாக 700 கிலோ காற்றைச் செலுத்துகிறார். கன அளவில் இது 600 கன மீட்டர். இவ்வளவு சரக்கு போகும் பாதையில் அடைப்பு இருந்தால் என்ன ஆகும் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். விறகு கட்டையாகவே எரிவதில்லை. சூடு ஏறியதும் காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாகக் கிளம்பிவிடுகிறது. நாம் காணும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். மிச்சம் நிற்கும் கரி, கம்பியின் மேல் கனலாக எரிகிறது. ஆகவே காற்றும் இரண்டு இடத்தில் வேண்டும். கம்பிக்குக் கீழிருந்து வரும் காற்று கரியை எரிக்கும். கம்பிக்கு மேலே, சுவாலை எழும் இடத்தில் நுழையும் காற்று வாயுவை எரிக்கும். பல அடுப்புகளில் கீழ்க்காற்று மட்டுமே இருக்கிறது. மேல்காற்றுக்காக வைத்த துளைகளைக் கொத்தனார் பூசும்போது அடைத்துவிடுகிறார், அல்லது கரி மூடிவிடுகிறது. அப்போது வாயு எரியாமல் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. புகை என்பது நாம் காசு கொடுத்து வாங்கி, எரிக்காமல் வெளியே விட்ட விறகு.

காற்று கூடினாலும் நஷ்டமே. தேவைக்கு மேல் ஊதும் காற்று, அடுப்பின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகிறது. சட்டிக்கு அடியில் நிற்க வேண்டிய சூடு புகைபோக்கிக்கு மேலே நிற்கும்.

புளோயரில் கவனிக்க வேண்டியவை

முதலில் வாய். புளோயர் காற்றை இழுக்கும் வாயில் கம்பிவலை கட்டாயம் வேண்டும். கைக்கும் பாதுகாப்பு, சாக்குத்துணி, நூல், காகிதம் உள்ளே போவதையும் தடுக்கும். அந்த வலையைத் தினமும் தூரிகையால் தட்டித் துடைக்க வேண்டும். புளோயரை மாவு சலிக்கும் இடத்திலிருந்தும் சட்டியின் எண்ணெய் ஆவியிலிருந்தும் தள்ளி, சுவருக்கு அப்பால் வைப்பது நல்லது. எங்கள் புளோயர் மாவு பிசையும் மேடைக்குப் பக்கத்தில் இருந்ததே நான் சொன்ன வினைக்கெல்லாம் காரணம்.

அடுத்தது விசிறிச் சக்கரம். மாதம் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். இறக்கைகளில் ஒட்டிய அழுக்கை மரச் செதிலாலும் சோடா கலந்த வெந்நீராலும் எடுக்கலாம். சுத்தியலால் தட்டக் கூடாது. இறக்கை வளைந்தாலும், ஒரு பக்கம் அழுக்கு நின்று மறுபக்கம் சுத்தமானாலும், சக்கரம் எடை ஒத்து நிற்காமல் அதிரும். அதிர்வு முதலில் பேரிங்கை முடக்கும், பிறகு மோட்டாரை.

மூன்றாவது, சுற்றும் திசை. இது பலருக்குத் தெரியாத விஷயம். இந்த வகை புளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் அதே குழாய் வழியாகத்தான் காற்று வரும், ஆனால் மிகவும் குறைவாக வரும். மூன்று பேஸ் மோட்டாரில் லைன் வேலை செய்த பிறகோ, மோட்டாரைக் கட்டி மாட்டிய பிறகோ இப்படி ஆகிவிடுவதுண்டு. சத்தம் வழக்கம்போல இருக்கும், காற்றும் வரும், எனவே யாருக்கும் சந்தேகம் வராது. புளோயர் உடலில் அம்புக்குறி போட்டு வையுங்கள். எலக்ட்ரீசியன் வந்து போனதும் திசையைப் பாருங்கள். மாறியிருந்தால் அவரையே இரண்டு வயர்களை மாற்றச் சொன்னால் போதும்.

நான்காவது பெல்ட். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால், ஒன்றரை அடி தூரத்துக்குக் கால் அங்குலம் அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும். மிகவும் இறுக்கினால் பேரிங் போகும். இரண்டு பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, ஜோடியாக மாற்ற வேண்டும். பெல்ட்டுக்கு மூடி இல்லாமல் புளோயர் ஓடக் கூடாது. வேட்டி, துண்டு, சேலை முந்தானை மாட்டி நடக்கும் விபத்துக்கு அரை நொடி போதும்.

ஐந்தாவது பேரிங். கிரீஸ் அளவோடு வைக்க வேண்டும். நிறைய வைத்தால் நல்லது என்று திணித்தால் பேரிங் சூடேறி சீக்கிரம் போய்விடும்.

ஆறாவது, மோட்டார். ஒரு பேஸ் மோட்டாரில் கண்டென்சர் வலுவிழந்தால் கிளம்பத் திணறும். தூசி படிந்த மோட்டார் சூட்டை வெளியேற்ற முடியாமல் எரியும். எர்த் வயர் இணைப்பை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஆட்களின் உயிர் அதில் இருக்கிறது.

காற்றைக் குறைக்க இப்போது பலர் மோட்டாரின் வேகத்தையே குறைக்கும் கருவியை வாங்கிப் பொருத்துகிறார்கள். மூன்று பேஸ் மோட்டாருக்கு இது நல்ல முதலீடு. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றும் அதே அளவுதான் குறையும், ஆனால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தகட்டை மட்டும் மூடிக் காற்றைக் குறைத்தால் இந்த மிச்சம் கிடைக்காது.

குழாயும் கம்பியும்

புளோயரிலிருந்து அடுப்புக்குப் போகும் குழாயில் இணைப்பு விட்டிருந்தால், விலை கொடுத்து ஊதிய காற்று பட்டறைக்குள்ளேயே வீணாகும். இதைக் கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். புளோயரை ஓடவிட்டு, இணைப்புகளைச் சுற்றி ஊதுபத்தியை மெல்லக் கொண்டுபோங்கள். புகை விலகித் தெறிக்கும் இடம்தான் ஓட்டை. குழாயின் அடுப்பு முனையில் சாம்பல் இறங்கிப் பாதி அடைந்திருப்பதும் உண்டு. ஆறிய அடுப்பில் அதைக் கம்பி விட்டு எடுக்க வேண்டும்.

கம்பித்தட்டு அடுப்பின் நுரையீரல். இடைவெளிகளில் சாம்பல் கட்டி உருகி ஒட்டினால் காற்று ஒரு பக்கமாகவே ஏறும். அந்த இடத்தில் விறகு ஓட்டை விழுந்தாற்போல் எரியும், மற்ற இடம் கரியாகக் கிடக்கும். ஆணி அடித்த பெட்டிப் பலகை, மண் ஒட்டிய வேர்க்கட்டை, அளவுக்கு மீறிய காற்று ஆகியவை கட்டி சேரக் காரணம்.

சாம்பல் குழியை நிறையவிடக் கூடாது. கீழிருந்து ஏறும் காற்றுதான் வார்ப்புக் கம்பியைக் குளிர்வித்து வைக்கிறது. சாம்பல் கம்பியை முட்டினால் காற்று நின்று, கம்பி சிவந்து வளைந்துவிடும். ஒரு செட் கம்பிக்குக் கொடுக்கும் காசை நினைத்தால் தினமும் சாம்பல் அள்ளுவது பெரிய வேலையல்ல. சுத்தமான விறகு 100 கிலோ எரிந்தால் ஒன்று முதல் மூன்று கிலோ சாம்பல்தான் மிஞ்ச வேண்டும். அதற்கு மேல் மிஞ்சி, கறுப்பாகக் கரித்துண்டும் கலந்திருந்தால் விறகு முழுதாக எரியவில்லை என்று பொருள்.

அள்ளிய சாம்பலுக்குள் மறுநாளும் கனல் இருக்கும். மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு வெளியே வையுங்கள். சாக்கு, அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும் இடத்துக்கு அருகில் வேண்டாம்.

புகைபோக்கியும் கதவும்

ஊதும் காற்று உள்ளே வர வேண்டுமானால், எரிந்த காற்று வெளியே போக வேண்டும். புகைபோக்கியில் கரி படிந்தாலோ, மூடிக்குக் கீழே பறவை கூடு கட்டினாலோ புளோயர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சங்கிலி, தூரிகை விட்டு இறக்கிச் சுத்தம் செய்யுங்கள். விறகு போடும் கதவு இறுக மூட வேண்டும். சுவர் வெடிப்புகளைச் சூளை மண்ணால் பூச வேண்டும். அவற்றின் வழியே நுழையும் குளிர்ந்த காற்று நெருப்புக்குப் பயன்படாமல் சூட்டை மட்டும் தின்னும்.

பார்த்தே கண்டுபிடிக்கலாம்

கருவி எதுவும் இல்லாமலே அடுப்பின் நிலையை அறியச் சில அடையாளங்கள் உண்டு.

கறும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது ஒரே நேரத்தில் விறகு அதிகமாகத் திணிக்கப்பட்டிருக்கிறது.

வெண்புகை, சாம்பல்நிறப் புகை வந்தால் விறகில் ஈரம், அல்லது அடுப்பு இன்னும் சூடேறவில்லை.

புகையே இல்லை, ஆனால் இரைச்சலும் பொறியும் பறந்து, விறகு மளமளவென்று தீர்ந்தால் காற்று அதிகம்.

கதவோரம் புகை வெளியே தள்ளினால் புகைபோக்கியில் அடைப்பு.

சுவாலை மஞ்சளாகவும் உயிரோட்டமாகவும் நின்று, புகைபோக்கி வாயில் லேசான வெப்ப அலை மட்டும் தெரிந்தால் அடுப்பு சரியாக இருக்கிறது.

ஈர விறகைப் பற்றியும் ஒரு கணக்கு. 100 கிலோ விறகில் 40 கிலோ தண்ணீர் என்றால், விறகு 60 கிலோதான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 24,000 கிலோ கலோரி செலவாகும். நன்கு காய்ந்த விறகு ஏழு கிலோ தரும் சூடு அது. ஆகவே ஈரம் நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிளந்து பார்க்காமல் பழி சொல்வது அதைவிடப் பெரிய நஷ்டம்.

கரண்ட் போய் வரும் நேரம்

இதுவரை சொன்னது காசு விஷயம். இனிச் சொல்வது உயிர் விஷயம்.

1999-இல் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, இரவு வேலை. சட்டி நிறைய எண்ணெய். அடுப்பில் அப்போதுதான் விறகு போட்டிருந்தார்கள். கரண்ட் போயிற்று. புளோயர் நின்றது, சுவிட்ச் மட்டும் போட்டபடியே இருந்தது. கனலின் மேல் கிடந்த விறகு, காற்றில்லாமல் வாயுவாகக் கிளம்பி அடுப்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் சேர்ந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து, என்ன ஆயிற்று என்று பார்க்க ஒரு தம்பி கதவைத் திறந்து குனிந்தான். அந்த நொடி கரண்ட் வந்தது. புளோயர் தானாக ஓடி, சேர்ந்திருந்த வாயு மொத்தமும் பற்றி, சுவாலை கதவு வழியே வெளியே பாய்ந்தது. முகமும் வலது கையும் வெந்துவிட்டன. அப்போது எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் இங்க் ஊற்றுவதுதான். அது புண்ணை இன்னும் கெடுத்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கண் தப்பியது கடவுள் புண்ணியம். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. இன்று அவர் எங்கள் கணக்குப்பிள்ளை. இடது கையால் எழுதுகிறார்.

அதன் பிறகு எங்கள் பட்டறையில் மாறாத விதிகள் இவை.

கரண்ட் போனதும் முதல் வேலை புளோயர் சுவிட்சை அணைப்பது. கரண்ட் வந்தால் தானாக ஓடாத ஸ்டார்ட்டர்தான் வைக்க வேண்டும்.

புளோயர் குழாயில் உள்ள தகட்டை மூட வேண்டும். புகை திரும்பி புளோயருக்குள் போகாது.

புகைபோக்கித் தகட்டை முழுதாகத் திறந்துவிட வேண்டும். கதவைத் திறப்பதானால் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, முதலில் ஓர் அங்குலம் மட்டும் திறந்து, பொறுத்துப் பிறகே முழுதும் திறக்க வேண்டும்.

கரண்ட் வந்தபின் சில நிமிடம் காத்திருந்து, தகட்டைச் சிறிதளவே திறந்து புளோயரைப் போட்டு, படிப்படியாகக் காற்றைக் கூட்ட வேண்டும்.

புளோயரைக் கழற்றும்போது பியூஸ் கட்டையைப் பிடுங்கி, வேலை செய்பவரே தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரவில் கனல் இருக்கும் அடுப்பின் தகடுகளை மூடிவிட்டு, அதே அறையில் யாரும் படுக்கக் கூடாது. கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

யாருக்காவது தீக்காயம் பட்டால், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் கட்டி, இங்க், மாவு, எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, 108-ஐ அழையுங்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடி போட்டு மூட வேண்டும். அந்த மூடி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நேரம் ஒதுக்கும் முறை

தினமும்: சாம்பல் அள்ளுதல், கம்பி இடைவெளி குத்துதல், புளோயர் வலை துடைத்தல். பத்து நிமிட வேலை.

வாரம் ஒருமுறை: பெல்ட் பார்த்தல், மேல்காற்றுத் துளைகளைச் சுத்தம் செய்தல், மோட்டார் மேல் தூசி தட்டுதல், கதவு மூடுகிறதா எனப் பார்த்தல்.

மாதம் ஒருமுறை: விசிறிச் சக்கரத்தைச் சுத்தம் செய்தல், குழாய் இணைப்புகளுக்கு ஊதுபத்திச் சோதனை, தகடுகள் தடையில்லாமல் திரும்புகின்றனவா எனப் பார்த்தல்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை: புகைபோக்கி, பேரிங், அடுப்புச் சுவர் வெடிப்பு. இதைத் தீபாவளி, பொங்கல் அவசரத்துக்கு முன்பே, ஆடியில் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது ஒருமுறையும், தையில் பொங்கல் சரக்கு முடிந்ததும் ஒருமுறையும் செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுத் தொங்கவிடுங்கள். இன்று எத்தனை மூட்டை மாவு, எத்தனை கிலோ விறகு என்று இரண்டே எண்கள் எழுதினால் போதும். எங்கள் பட்டறையில் 2006-லிருந்து எழுதி வருகிறோம். மூட்டைக்கு நாலு கிலோ விறகு கூடியதும் முதலில் புளோயரைத் திறக்கிறோம், அடுத்துக் கம்பியையும் புகைபோக்கியையும் பார்க்கிறோம், பிறகு விறகைப் பிளந்து பார்க்கிறோம். இவ்வளவும் பார்த்த பிறகுதான் விறகுக்காரரிடம் பேசுகிறோம். இத்தனை வருடத்தில் அப்படிப் பேச நேர்ந்தது இரண்டே முறை.

நோட்டு ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு நல்ல வியாபாரியின் நம்பிக்கையை இழந்தால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உறுப்பினர்கள் இன்று மாலையே உங்கள் புளோயர் வலையை ஒருமுறை பார்த்துவிடுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.